சுவரைப் பார்த்து நின்றவன்

பினாங்குப் பக்கம் பத்து காவான் ஊரில் எங்கள் கம்பெனிக் கழிவறைச் சுவரைப் பற்றி யாராவது பரீட்சை வைத்தால் நான்தான் முதல் மார்க் வாங்குவேன். வெளிர்பச்சை ஓடு, குறுக்கே பதினான்கு. மேலிருந்து மூன்றாவது வரிசையில் ஒன்று உடைந்து, சிமெண்டு பூசி ஒப்பேற்றியிருப்பார்கள். பக்கத்தில் டெங்கிக் கொசுவைப் பற்றி ஒரு சுவரொட்டி. பன்னிரண்டு செவ்வாய்க்கிழமைகள் அந்தச் சுவரைப் பார்த்தபடி நின்றிருக்கிறேன். எனக்குப் பின்னால் என் தங்கையின் கணவர் பிளாஸ்டிக் கப்பில் சிறுநீர் பிடித்துக்கொண்டிருப்பார். அவர் பிடிப்பதைக் கண்ணால் பார்ப்பதுதான் என் வேலை. நான் பார்க்கவில்லை.

நான் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். ஓட்டியவன் என்று எழுத வேண்டும், பழக்கதோஷம். ஜெலுத்தோங் ஃபிளாட்டிலிருந்து தினமும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி யார்டுக்குப் போய், லாரியை எடுத்துக்கொண்டு மறுபடி பினாங்குத் தீவுக்கு வந்து, பாயான் பாரு ஃபேக்டரிகளில் சரக்கு ஏற்றி, மறுபடி பாலத்தைத் தாண்டி பட்டர்வொர்த் துறைமுகத்தில் இறக்குவேன். சில வாரம் ஜொகூர் வரை போவேன். இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓடியது. சிகரெட் உண்டு, தீபாவளிக்கு இரண்டு பீர் உண்டு. அதற்கு மேல் எதையும் தொட்டதில்லை. இதை நானே சொல்லிக்கொள்வது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் இப்போது எனக்காக இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

மாப்பிள்ளையை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவன் நான்தான். நன்றாக ஓட்டுவார். நாற்பதடி ட்ரெய்லரை ஒரே மூச்சில் பின்னால் எடுத்து நிறுத்துவதைப் பார்த்தால் சீன டிரைவர்கள்கூட கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். போன வருடம் ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் டிரைவர்கள் எல்லாருக்கும் யூரின் டெஸ்ட் எடுத்தார்கள். மாப்பிள்ளையின் கப்பில் ஷாபு என்ற போதைப்பொருள் இருப்பதாகக் காட்டியது. ஜொகூர் ஓட்டத்துக்குத் தூக்கம் வராமல் இருக்க எடுத்தேன், ஒரே தடவைதான் என்றார். ஒரே தடவை என்று சொல்லாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. அன்றைக்கு நம்பினேன்.

பெரிய கம்பெனி என்றால் அங்கேயே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார்கள். எங்கள் கம்பெனியில் டிரைவர்களைப் பார்த்துக்கொண்டவர் ஒரு தமிழ் முஸ்லிம். அறுபது வயது, அவரும் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். எல்லாருக்கும் அவர் பாய்தான். தவறு செய்த டிரைவரை மறுபடி வேலைக்கு எடுக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஆறு வாரம் வீட்டில் இருந்து கிளினிக்கில் ஆலோசனைக்குப் போக வேண்டும். பிறகு பன்னிரண்டு வாரம் இன்னொரு டிரைவரின் பக்கத்தில் கெலிண்டானாக உட்கார வேண்டும். கெலிண்டான் என்றால் லாரி உதவியாள். கயிறு கட்டுவது, ரசீது வாங்குவது, பின்னால் எடுக்கும்போது கையைக் காட்டுவது. வாரம் ஒரு டெஸ்ட். பன்னிரண்டும் சுத்தமாக இருந்தால் ஸ்டீரிங் திரும்பக் கிடைக்கும்.

இதற்கு ஒரு ஜாமீன் வேண்டும். யார் பக்கத்தில் உட்காருகிறாரோ அந்த டிரைவர்தான் ஜாமீன். கழிவறைக்குள் கூடவே போய், கப்பில் பிடிப்பதை நேரில் பார்த்து, "நான் நேரில் கண்டேன்" என்று மலாயில் அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஆபீசில் இருந்த கிளார்க் ஒரு பெண். பாயைக் கழிவறையில் நிற்கச் சொல்ல முடியுமா? அதனால் இந்த ஏற்பாடு. ஒரு லாரிக்காரனை இன்னொரு லாரிக்காரன் ஏமாற்ற முடியாது என்பது பாயின் கணக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை என் ஃபிளாட்டுக்கு வந்தாள். எனக்கு அவள் ஒருத்திதான் கூடப்பிறந்தவள். பத்து காவான் ஃபேக்டரி ஒன்றில் லைன் லீடர். சிம்பாங் அம்பாட்டில் வீடு, இரண்டு பிள்ளைகள். வந்ததும் வராததுமாக அழுதாள்.

"அண்ணே, நீதான் ஜாமீன் நிக்கணும். வேற யாரும் வேணாம்லா. அவரு மானத்த நீதான் காப்பாத்தணும்."

"ஏன், எங்க கம்பெனியில லாரி ஓட்டற அந்த மலாய்க்காரத் தம்பி நிக்கிறேன்னு சொன்னானாமே?"

"வேணாண்ணே. வெளியாளு முன்னாடி அவரு எப்படி... நீ குடும்பத்து ஆளு."

குடும்பத்து ஆள் என்றதும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். மறுநாளே கையெழுத்துப் போட்டேன். பாய் பேனாவை என்னிடம் தருவதற்கு முன் ஒரு தடவை கேட்டார்: "தம்பி, யோசிச்சு போடு. அவன் தப்பு பண்ணா ஒன்னோட தலையும் உருளும்." நான் சிரித்தேன். மாப்பிள்ளைக்குத் தலை போனால் என் தலையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன் என்று பெரிய மனிதன் மாதிரி ஏதோ பேசினேன்.

முதல் செவ்வாய்க்கிழமை இருவரும் கழிவறைக்குள் போனோம். அவர் கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். இருவருக்கும் முகம் சிவந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் நாற்காலி போட்டு, முதல் தட்டு சோறு யாருக்கு வைக்கிறோமோ அந்த மனிதர். என் தங்கை கழுத்தில் தாலி கட்டியவர். அவர் ஜிப்பை அவிழ்ப்பதை நான் எப்படிக் குனிந்து பார்ப்பேன்? "நீங்க ஒங்க வேலையப் பாருங்க மாப்ள" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் சத்தமாகப் பந்து விளையாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பினாங்கு அணி தோற்றது, கோல்கீப்பருக்குக் கை இருக்கிறதா இல்லையா என்றெல்லாம். கூச்சத்தை மறைக்கப் பேசுகிறார் என்று நினைத்தேன். நானும் பதிலுக்குக் கோல்கீப்பரைத் திட்டினேன். பிறகு வெளியே வந்து, நேரில் கண்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். கிளார்க் கப்பில் டெஸ்ட் அட்டையை முக்கினாள். சுத்தம்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. பன்னிரண்டு வாரத்தில் பினாங்கு அணியைப் பற்றி நாங்கள் பேசாதது ஒன்றும் இல்லை. வாரா வாரம் சுத்தம், சுத்தம் என்று வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கேண்டீனில் யாராவது "இவனெல்லாம் திருந்துவானா" என்று ஆரம்பித்தால் சண்டைக்கே போய்விடுவேன். என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர் கொஞ்சம் மெலிந்திருந்தார், சில நாள் காரணம் இல்லாமல் சிரித்தார், திங்கட்கிழமைகளில் விடாமல் பேசினார். கவலையில் மெலிந்திருக்கிறார், வேலை திரும்பக் கிடைக்கப்போகிற சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்று அவருக்காக நானே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

பன்னிரண்டாவது செவ்வாய். கடைசி டெஸ்ட். அன்று காலை நல்ல மழை. மாப்பிள்ளை மழைச் சட்டையோடு சிம்பாங் அம்பாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். வழக்கம்போல உள்ளே போனோம், நான் திரும்பி நின்றேன், கோல்கீப்பரைத் திட்டினோம். கப்பை கிளார்க்கிடம் கொடுத்தார். அவள் கையுறை போட்ட கையால் வாங்கியதும் சட்டென்று மேசையில் வைத்துவிட்டாள்.

"என்னாண்ணே இது, கோப்பி மாதிரி சுடுது?"

கப்பில் சூடு பார்க்க ஒரு பட்டை ஒட்டியிருக்கும். உடம்புச் சூட்டுக்கு அது பச்சையாக மாறும். அன்று அது எந்த நிறத்துக்கும் வரவில்லை. மனித உடம்பில் அவ்வளவு சூடு இருந்தால் அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும். பாய் உள்ளறையிலிருந்து வந்தார். மாப்பிள்ளையின் தொடையைத் தட்டிப் பார்த்தார். பேண்ட்டுக்குள் பிள்ளைகளின் இருமல் மருந்து பாட்டில் ஒன்று இருந்தது. அதைச் சுற்றி, இடுப்பு வலிக்கு ஃபார்மசியில் விற்பார்களே, ஒட்டினால் சூடாகும் பட்டை, அதில் இரண்டு. மழைக்கு ஆறிவிடக் கூடாது என்று அன்று இரண்டாக ஒட்டியிருக்கிறார்கள்.

பாய் மாப்பிள்ளையை அங்கேயே வேலையை விட்டு அனுப்பிவிட்டார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் மழைச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். பாட்டிலில் இருந்த சிறுநீர் யாருடையது என்று பாய் இரண்டு தடவை கேட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாமல் போனதில் எல்லாருடைய பார்வையும் என் பக்கம் திரும்பியது.

பாய் பதினோரு தாள்களையும் மேசையில் வைத்தார்.

"நேரில பாத்தேன்னு பதினோரு தடவ போட்டிருக்க."

"பாய், நான் பாக்கல."

"பாக்காம எதுக்குப் போட்ட?"

"மாப்ள பாய். எப்படிப் பாக்கறது?"

அவர் தாள்களை ஒன்றாக அடுக்கினார். "நீ சொல்றது நெசமாவும் இருக்கலாம். ஆனா முதலாளிகிட்ட நான் இத சொன்னா சிரிப்பாரு. ஒன்னோட யூரினத்தான் அவனுக்குக் குடுத்தேன்னு எல்லாரும் பேசறாங்க. கூட நின்னது நீ, சொந்தக்காரன் நீ, சுத்தமான ஆளும் நீதான். வெள்ளிக்கிழமைக்குள்ள அது யாருதுன்னு எனக்குத் தெரியணும். ஒன்னுது இல்லன்னா, பாக்காம கையெழுத்துப் போட்டதுக்கு மூணு மாசம் கெலிண்டானா உக்காரு, பெறகு ஸ்டீரிங்க நானே ஒன்கிட்ட குடுக்கறேன். ஒன்னுதுன்னா, சாவிய வச்சிட்டுப் போயிரு."

இருபத்திரண்டு வருட ஓட்டம் ஒரு மருந்து பாட்டிலில் வந்து நின்றது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் தங்கையைத்தான் நினைத்தேன். அவள் எப்படித் தாங்குவாள்? நல்லவன் என்று நம்பிக் குடும்பம் நடத்துகிறவள். மழை விட்டதும் சிம்பாங் அம்பாட்டுக்குப் போனேன். வழியில் அவளுக்குப் பிடிக்கும் என்று, வேர்க்கடலை தூவி மடித்த அப்பம் பாலிக் இரண்டு வாங்கிக்கொண்டேன். கெட்ட சேதியைச் சொல்லிவிட்டு, ஏதாவது சாப்பிடு என்று கொடுக்கலாம் என்பது என் எண்ணம். மடையனுக்கு அதற்கு மேல் என்ன தோன்றும்?

அவள் குசினியில் இருந்தாள். மாப்பிள்ளை வீட்டில் இல்லை.

"இங்க பாரும்மா, நீ மனச தேத்திக்கணும். மாப்ள நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டாரு" என்றேன்.

"உக்காருண்ணே" என்றாள். அழவில்லை. அழாததுதான் முதலில் எனக்கு இடித்தது. பிறகுதான் கழுவுதொட்டிப் பக்கம் கண் போனது. தட்டு காயவைக்கும் கம்பியில், பிள்ளைகளின் பால் தம்ளர்களுக்கு நடுவில், கழுவிக் கவிழ்த்த மருந்து பாட்டில்கள் மூன்று இருந்தன. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இருமல் இல்லை.

"யாருதும்மா அது?"

"என்னுதுதான். வேற யாரு குடுப்பா?"

நான் அடுத்ததைக் கேட்பதற்குள் அவளே பேசினாள். அவர் விட்டுவிட்டாராம். முழுசாக இல்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானாம். கொஞ்சம் கொஞ்சமாக விடுவாராம். வேலை போனால் மொத்தமாகக் கெட்டுப்போவார், அதனால்தான் என்றாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று அவள் ஏதோ கறி சாப்பிடுவதைச் சொல்வது போலச் சொன்னாள். மறுநாள் புதன்கிழமை அவர் கையில் ஸ்டீரிங் வந்திருக்கும். பாலத்தில் எத்தனை கார், எத்தனை மோட்டார் சைக்கிள். அதில் நானும் ஒருவன்.

"நான் கூட நிக்கிறேன்னு தெரிஞ்சுமா செஞ்ச?"

"நீ நிக்கிறதாலதாண்ணே. அந்த மலாய்க்காரத் தம்பின்னா உத்துப் பாப்பான். நீ பாக்க மாட்ட. எஸ்டேட்டுல நம்ம குளிக்கிற எடத்துக்குக் கதவு இருந்துச்சா? நான் குளிச்சு முடிக்கிற வரைக்கும் நீ முதுகக் காட்டிக்கிட்டு காவல் நிப்ப. ஒரு நாளும் திரும்பினதில்ல. எனக்குத் தெரியாதா ஒன்ன? நான்தான் அவருகிட்ட சொன்னேன், எங்கண்ணனையே ஜாமீன் கேளுங்கன்னு."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கள்ளம் இல்லை. என்னைப் புகழ்வதாகவே நினைத்தாள். என்னிடம் இருந்த ஒரு நல்ல பழக்கத்தை எடுத்து, அளந்து பார்த்து, அதற்குள் ஒரு பாட்டில் நுழையும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். மாப்பிள்ளை ஏமாற்றியது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஷாபு எடுப்பவன் பொய் சொல்லுவான், அது அவன் நோய். இவளுக்கு என்ன நோய்?

வெள்ளிக்கிழமைக்குள் உண்மை தெரியாவிட்டால் எனக்கு வேலை இல்லை என்று சொன்னேன். அப்போதுதான் அழுதாள். "நான் வர்றேண்ணே. வெள்ளிக்கிழம காலையில லீவு போட்டுட்டு நானே வந்து பாய்கிட்ட சொல்றேன். நீ ஒன்னும் பேசாத. நான் சொன்னாத்தான் நம்புவாரு" என்றாள். தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாள். அவ்வளவு கோபத்திலும் அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அப்பம் பாலிக்கையும் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். இன்று நினைத்தாலும் இதுதான் என்னை அறுக்கிறது.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே யார்டு கேட்டில் போய் நின்றேன். காவலாளி நேபாளக்காரர், தன் நாற்காலியை எனக்குத் தந்தார். பத்து மணி, பதினொன்று. போன் அடித்தால் அவள் எடுக்கவில்லை. சிவப்பு மைவி கார் ஒன்று திரும்பும்போதெல்லாம் எழுந்து நின்றேன். அவள் காரும் சிவப்பு மைவி, இந்த நாட்டில் பாதிப் பேர் காரும் அதுதான். பாய் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு வந்தார். இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து உள்ளே வரச் சொன்னார்.

"யாருது?"

அவளே வந்து சொல்வதாக இருந்தது. வரவில்லை. நான் மேசையைப் பார்த்தபடி சொன்னேன். "என் தங்கச்சிது பாய்."

அவர் முகம் மாறிவிட்டது. "தம்பி, வேல போவுதுன்னு கூடப்பொறந்தவ மேல பழி போடாத."

"நீங்களே கேளுங்க பாய்."

பாய் நியாயமான மனிதர். என் போனிலிருந்து நம்பரை வாங்கி, தன் போனில் அழைத்து, நான் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தார். என் நம்பரை எடுக்காதவள் இதை இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் ஃபேக்டரி மிஷின் சத்தம் கேட்டது. லீவு போடவில்லை.

"தங்கச்சிம்மா, ஒங்க அண்ணன் இங்கதான் இருக்காரு. அந்த பாட்டில்ல இருந்தது ஒங்களதுன்னு சொல்றாரு. நெசமா?"

மிஷின் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் சொல்லிவிடுவாள் என்று முழுசாக நம்பினேன். அவள் குரல் எனக்குத் தெரியும், மூச்சு இழுப்பதும் தெரியும்.

"இல்லீங்க பாய்" என்றாள். "அண்ணந்தான் எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்தாரு. பாவம் பாய், எங்களுக்காகத்தான் செஞ்சாரு. அவர ஒன்னும் செஞ்சிராதீங்க."

ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எனக்காக மன்றாடவும் செய்தாள். பாய் போனை அணைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். என்னைத் திட்டியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். என் சிறுநீரையும் எடுத்துச் சோதியுங்கள், ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கிற டாக்டர் எங்கேயாவது இருப்பார் என்று கத்தியிருக்கலாம். இதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. அப்போது பையிலிருந்து லாரி சாவியையும் துறைமுகப் பாஸையும் எடுத்து மேசையில் வைத்தேன். "தங்கச்சி நல்ல பொண்ணு தம்பி, ஒனக்காக எவ்ளோ பேசுது பாரு" என்றார் பாய்.

இப்போது பிறை ஊரில் ஒரு மரக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். மற்ற லாரிக் கம்பெனிகள் பழைய இடத்துக்குப் போன் போட்டு விசாரிப்பார்கள், பிறகு கூப்பிட மாட்டார்கள். மாப்பிள்ளைக்கு டெஸ்ட் இல்லாத ஒரு மணல் லாரி கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவளிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தது. "அண்ணே, கோவமா?" அவ்வளவுதான். எட்டு மாதமாகிறது, அதற்கு நான் பதில் போடவில்லை. கோபம் என்றால் அன்றைக்கே திட்டிப் பதில் எழுதியிருப்பேன், தீபாவளிக்குள் எல்லாம் சரியாகியிருக்கும்.